‘அட்ரஸ் ஒண்டு வேணும் அக்கா’

2023இல் தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். பின்னேரம் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன், போன் அடித்தது. விசா இல்லாதவர்களை அடைத்து வைக்கும் தடுப்பு முகாமிலிருந்து தம்பி, அங்கே போய்ப் பார்த்துப் பழகியவன். வழமையாக அவன் சனிக்கிழமை இரவில்தான் எடுப்பான்.

“அக்கா, என்னை விடப் போறாங்களாம். சாமானைக் கட்டு எண்டுட்டாங்கள். வெளியில எங்க இருக்கப் போறாய் எண்டு கேக்கிறாங்கள். அட்ரஸ் ஒண்டு வேணும் அக்கா.”

கொரோனாவால் சந்திப்பு நின்றுபோன மாதங்கள் போக, மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் அவனைப் போய்ப் பார்த்தவள் நான். அவன் வெளியில் வரவேண்டும் என்று நேர்த்தி வைத்தவள். எங்கள் பின்வளவில் ஒரு சின்ன வீடு வெறுமையாகத்தான் கிடந்தது. மகன் கல்யாணம் முடித்துப் போன பிறகு அங்கே பழைய பெட்டிகள் மட்டும்தான். அப்படியிருந்தும் என் வாயில் முகவரி வரவில்லை. “பொறு தம்பி, இவரோட ஒருக்காக் கதைச்சிட்டுச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டேன். அன்றிரவு அவனை ஒரு மோட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் முகவரி கொடுத்தது இரண்டு நாள் கழித்து.

அவுஸ்திரேலியாவின் ஆக மேல் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அந்த நவம்பரில் சொன்ன ஒரு தீர்ப்பால்தான் தம்பியையும் அவனைப் போன்ற ஏறத்தாழ 150 பேரையும் விட்டார்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் குசினியில் நானும் கணவரும் கதைத்ததைத்தான் அவுஸ்திரேலியா முழுக்க ரிவியிலும் பாராளுமன்றத்திலும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இவனை நம்பலாமா, பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களே, ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. எங்களுக்கு அவனைத் தெரியும். அவனுக்குப் பிறகு இதே கேள்வியோடு என்னிடம் மூன்று குடும்பங்கள் வந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அவன் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். தம்பி 2012இல் படகில் வந்தவன். அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017இல் தற்காலிக விசா கிடைத்தது. அடுத்த வருடம், ஒரே வீட்டில் கூட இருந்த ஒருவரோடு குடிபோதையில் சண்டை பிடித்துக் குசினிக் கத்தியால் குத்தினான். குத்துப்பட்டவரும் தமிழர்தான். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை. நீதிமன்றம் தண்டித்தது, சிறையில் இருந்தான், 2020 கடைசியில் சிறைக்காலம் முடிந்தது.

இதே குற்றத்தைக் குடியுரிமை உள்ள ஒருவர் செய்திருந்தால் சிறை வாசலில் யாராவது காரோடு காத்திருப்பார்கள். இவனுக்கு அப்படியில்லை. குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவில் 2014இல் ஒரு மாற்றம் செய்தார்கள். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவர் உள்ளே இருக்கும்போதே அவருடைய விசாவை ரத்துச் செய்தே ஆகவேண்டும். விசா இல்லாதவரைத் தடுத்து வைத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1992இல் கீட்டிங் அரசு கொண்டுவந்தது. அப்போது 273 நாள் என்று ஒரு எல்லையாவது இருந்தது. 1994இல் அதுவும் போய்விட்டது. அகதி என்று இந்த நாடே ஒப்புக்கொண்டவனை இலங்கைக்கு அனுப்பவும் முடியாது. ஆக, வெளியிலும் விடமாட்டார்கள், ஊருக்கும் அனுப்பமாட்டார்கள். அப்படி முடிவில்லாமல் வைத்திருக்கலாம் என்று 2004இல் அல்-கத்தேப் வழக்கில் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொல்லியிருந்தது.

“மறியலில நாள் எண்ணலாம் அக்கா. இஞ்ச எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லை” என்று முதல் சந்திப்பிலேயே சொன்னான்.

அவன் என்ன செய்தான் என்று நான் அவனைக் கேட்க எட்டு மாதம் ஆனது. அது என் பிழை. பார்க்கப் போகிற எங்கள் சனத்தில் பலருக்கும் இந்தக் கூச்சம் உண்டு. கேட்டால் மனம் நோகும் என்று நினைக்கிறோம். கேட்காமல் விட்டால் அவர்களுக்கு நாங்கள் செய்யும் உதவி பாதி வீணாகும். நான் கேட்ட அன்று அவன் தலையைக் குனிந்துகொண்டு, “நான் சொன்னா என்ர பக்கம்தான் சொல்லுவன். ஜட்ஜ் சொன்னதை வாசியுங்கோ” என்றான். தண்டனை கொடுக்கும்போது நீதிபதி எழுதும் தீர்ப்புரை ஒன்று இருக்கும். வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கலாம். பன்னிரண்டு பக்கம். மருத்துவமனைத் தாதியாக இருபத்தாறு வருடம் காயம் பார்த்தவள் நான், அந்த ஐந்தாம் பக்கத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. ஆனால் அதே தீர்ப்புரையில்தான் அவன் முள்ளிவாய்க்காலில் தமையனைப் புதைத்ததும், குடிக்குப் பழகியதும், குத்திய கையோடு அவனே அம்புலன்ஸ் கூப்பிட்டதும் இருந்தன. யாருக்காகவாவது நிற்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தாள்களை முதலில் வாசியுங்கள். பிறகு நிற்பதா இல்லையா என்று முடிவெடுங்கள். நிற்காமல் விடுவதும் நியாயமான முடிவுதான்.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே நம்பிக்கை வருவதில்லை. அதற்குக் காரணம் தம்பி இல்லை. நான் தடுப்பு முகாமுக்குப் போகத் தொடங்கியது 2011இல். அந்தக் காலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அகதிகளை, பெரும்பாலும் ஈழத்தமிழர், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்கள் என்று உளவு நிறுவனமான ஆசியோ எழுதிவிட்டதால் உள்ளே வைத்திருந்தார்கள். அவர்கள்மீது குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை. ஏன் ஆபத்தானவர் என்ற காரணத்தை அவர்களுக்கே சொல்லவில்லை. வேலிக்குள்ளே பிள்ளைகள் நடை பழகினார்கள். 2012இல் மார்கிரட் ஸ்டோன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியை அந்தக் கோப்புகளைத் திருப்பிப் பார்க்க நியமித்தார்கள். 2013 ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு, 46 பேர் விடயத்தில் 143 மீறல்கள் நடந்திருப்பதாகச் சொன்னது. மெல்ல மெல்ல அந்த மதிப்பீடுகள் மாறி, பெரும்பாலானோர் வெளியில் வந்தார்கள். அவர்களில் சிலரோடு இன்றைக்கும் கோயிலில் கதைக்கிறேன். ஒருவர் பஸ் ஓட்டுகிறார், இன்னொருவர் கூரை வேலை. ஒரு தாளில் ‘ஆபத்து’ என்று எழுதுவது எவ்வளவு சுலபம், அதை அழிக்க எத்தனை வருடம் பிடிக்கும் என்பதை அங்கேதான் கண்டேன்.

தம்பியுடைய விடயம் அப்படியானதல்ல என்பதும் தெரியும். இங்கே ஒரு காயமும் இரண்டு மடங்காத விரல்களும் உண்டு.

பார்க்கப் போவது பற்றிக் கொஞ்சம். நினைத்த நேரம் போய் நிற்க முடியாது. நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அடையாள ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். போனை வெளியிலேயே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். சமைத்த சாப்பாடு விடமாட்டார்கள். முதல் தடவை புட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். கடையில் வாங்கிய, உடைக்காத, காலாவதித் திகதி அச்சடித்த பொதிகள்தான் போகும். எங்கள் தமிழ்க் கடைப் பகோடாப் பைகளில் சிலவற்றில் திகதி இருக்காது, அவையும் போகாது. நான் கடைக்காரத் தம்பியிடம் முதலே சொல்லி, திகதி ஒட்டிய முறுக்குப் பைகளாக எடுத்து வைக்கச் சொல்வேன். சின்ன விடயம்தான். ஆனால் ஒரு முறுக்குப் பை மேசையில் இருந்தால் அவன் பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டுக் கொடுப்பான். அந்த நேரத்தில் அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைவிட முக்கியம் நாட்கணக்கு. இந்தச் சட்டத்தில் எங்கள் சனம் தோற்பது நியாயம் இல்லாமல் அல்ல, நாள் தவறி. விசா ரத்து என்று கடிதம் வந்தால் அதை மீளப்பெறச் சொல்லிக் கேட்க 28 நாள்தான். அந்தக் கடிதம் சிறைக்குள்ளே, விளங்காத இங்கிலீசில், கையில் வந்து சேரும். பலர் அதை மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியில் போய்ப் பார்ப்போம் என்றிருப்பார்கள். கேட்ட பிறகும் முடியாது என்று அதிகாரி முடிவெடுத்தால், அதிகாரிகளின் முடிவுகளைத் திருப்பிப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போக ஒன்பதே ஒன்பது நாள். அதில் சனி ஞாயிறும் அடக்கம். தம்பிக்கு அந்த முடிவு வந்தது 2021இல் ஒரு புதன்கிழமை. அவன் எனக்குச் சொன்னது ஞாயிறு. “உங்களுக்கு ஏன் வேலை நாளில கரைச்சல் எண்டுதான்” என்றான். நான்கு நாள் போய்விட்டது. திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு இலவசச் சட்ட உதவி செய்யும் இடங்களுக்கெல்லாம் போன் எடுத்து, வியாழன் மத்தியானம்தான் ஒருவர் கிடைத்தார். ஒன்பதாம் நாள் வெள்ளி. பதிந்துவிட்டோம்.

அதற்குப் பிறகும் ஒரு இடத்தில் விழுந்தோம். விசாரணையில் அவனுக்காகக் கதைக்க, அவன் முன்பு வேலை செய்த பேக்கரி முதலாளி வரச் சம்மதித்திருந்தார். நல்ல மனிதர், வெளியில் வந்தால் திருப்பி வேலை தருவேன் என்று சொன்னவர். ஆனால் யார் என்ன சொல்லப் போகிறார் என்பதை எழுத்தில், விசாரணைக்கு இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே அரச தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்பாயம் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. அவருடைய கடிதம் ஒரு நாள் பிந்தியது. முழு நாளும் கடையைப் பூட்டிவிட்டு வந்தவரைக் கேட்காமலே அனுப்ப வேண்டியதாயிற்று. நாங்கள் தோற்றோம். அந்தக் கடிதம் இருந்திருந்தால் வென்றிருப்போமா என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் யாருக்காவது சாட்சி சொல்லப் போகிறீர்கள் என்றால், அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஆதரவுக் கடிதத்தை எப்படி எழுதுவது என்றும் சொல்கிறேன். நான் முதலில் எழுதியது, ‘மிகவும் நல்ல பிள்ளை, ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர், கோயில் தொண்டு செய்பவர்’ என்று ஒரு பக்கம். வழக்கறிஞர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். இதை எழுதியவருக்கு அவன் செய்தது தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார் என்றார். இரண்டாவது கடிதத்தை இப்படித் தொடங்கினேன்: ‘2018இல் இவர் ஒருவரைக் கத்தியால் குத்தியது எனக்குத் தெரியும். தீர்ப்புரையை வாசித்தேன். அதற்குப் பிறகும் இவரை என் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கச் சம்மதிக்கிறேன். ஏனென்றால்...’ அந்த ‘ஏனென்றால்’ நிரப்ப எனக்கு ஒரு கிழமை எடுத்தது. எத்தனை தடவை பார்த்தேன், குடியை விட எந்த வகுப்புக்குப் போனான், கோபம் வந்தால் யாருக்குப் போன் எடுக்கிறான், எந்த அறையில் படுப்பான், எந்த வேலைக்குப் போவான். எழுத எழுதத்தான் எனக்கே தெரிந்தது: பக்கத்து வீட்டார் என்னிடம் கேட்கப் போவதும் இதே கேள்விகள்தான்.

பிறகு 2023 நவம்பர் 8. குழந்தை ஒன்றின்மீது பாலியல் குற்றம் செய்து தண்டனை முடித்த, நாடற்ற ரோஹிங்யா ஒருவருடைய வழக்கில் உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பைப் புரட்டியது. அனுப்ப வழியில்லாதவரை முடிவில்லாமல் அடைத்து வைப்பது தண்டனை கொடுப்பதற்குச் சமம்; தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சரின் வேலையல்ல என்பதுதான் சாரம். ஏறத்தாழ 150 பேர் வெளியில் வந்தார்கள். அதிகாரிகள் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கில் 149 பேர்: கொலை அல்லது கொலை முயற்சி 7 பேர், பாலியல் குற்றம் 37 பேர், தாக்குதல் போன்ற வன்முறை 72 பேர். தம்பி அந்த 72இல் ஒருவன்.

அந்தக் கிழமை ரிவியை அணைத்து வைத்தேன். எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் ஒரு பக்கம், அவருக்குப் பயந்து ஓடிய அரசு மறுபக்கம். நவம்பர் 16 அன்று ஒரே நாளில் சட்டம் நிறைவேறியது. காலில் மின்னணுப் பட்டி, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை வீட்டை விட்டு வெளியேறத் தடை. மீறினால் ஆகக் குறைந்தது ஒரு வருடம் சிறை. எதிர்க்கட்சி கேட்ட திருத்தங்களையும் அப்படியே வாங்கிப் போட்டார்கள். 149 பேரில் யார் எப்படிப்பட்டவர், யாருக்கு என்ன தேவை என்று ஒவ்வொருவராகப் பார்க்க அந்த நாளில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. என் கோபம் இங்கேதான். நாட்டுக்குப் பயம் வந்ததில் எனக்குக் கோபமில்லை. எனக்கும் பயம் வந்தது.

எங்கள் சனத்துக்குள்ளும் பிரிவு. டிசம்பரில் ஒரு மண்டபத்தில் சின்னக் கூட்டம் வைத்தோம், இருபது பேர் வந்திருப்பார்கள். ஒரு ஐயா எழும்பி, “நாங்கள் நாப்பது வருசமா ஒழுங்கா இருந்து எடுத்த பேர். இவையளாலை எங்கட பிள்ளையளுக்கும் சேர்த்துக் கெடுது. ஏன் தூக்கிப் பிடிக்கிறியள்?” என்றார். நான் பதில் சொல்ல வாயெடுக்க, பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, முப்பது வயதிருக்கும், எழும்பாமலே சொன்னாள்: “என்ர முன்னாள் மனுசன் சிற்றிசன். அடிச்சு மறியலுக்குப் போனவர். விடேக்க எனக்குப் போன்ல சொன்னவை. இவையளை விடேக்க அடிவாங்கினவைக்கு ஆர் சொன்னவை?”

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. எனக்கும் பதிலில்லை. தம்பியால் குத்துப்பட்டவர் அவன் வெளியில் வந்ததை வானொலிச் செய்தியில் கேட்டு, அது அவனாயிருக்குமோ என்று மூன்று நாள் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன். அவனுக்காக நின்ற நாங்கள் யாரும் அவரை நினைக்கவில்லை. பொதுமக்கள் பாதுகாப்பு என்று பாராளுமன்றத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்களும் நினைக்கவில்லை. அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவன் எந்தப் பக்கம் இருக்கிறான், தான் வாங்கப் போகும் கடைக்கு அவன் வருவானா என்பது மட்டும்தான். ஒரு பொது நண்பர் மூலம், தம்பியின் சம்மதத்தோடு, அதைத் தெரியப்படுத்தினோம். தம்பி அந்தப் பக்கக் கடைகளுக்கு இன்றுவரை போவதில்லை. யாரும் போடாத நிபந்தனை அது.

கால் பட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறம், தீப்பெட்டியைவிடப் பெரிது, கணுக்காலுக்கு மேலே. தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். சுவரிலிருந்து வயர் நீளும் தூரத்துக்குள் கதிரை போட்டு, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெய்யிலுக்கும் நீளக் காற்சட்டைதான். பேக்கரி முதலாளி சொன்ன சொல் தவறாமல் வேலை தரத் தயார், ஆனால் பேக்கரி வேலை விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கும். ஆறு மணிவரை வெளியேற முடியாதவனுக்கு அந்த வேலை எப்படி? ஒரு மனிதனைத் திருத்தி நிற்க வைக்கக்கூடிய ஒரு வேலை, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற பெயரில் போனது.

மார்கழியில் திருவெம்பாவை. பத்து நாளும் விடிய ஐந்து மணிக்கெல்லாம் கோயிலில் பாட்டுத் தொடங்கிவிடும். சிறுவயதில் ஊரில் சங்கு ஊதிக்கொண்டு வீதியால் போனவன் அவன். நாங்கள் புறப்படும்போது அவன் பின்வளவுக் கதவைத் திறந்து, படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பான், குளித்துத் திருநீறு பூசி. ஆறு அடித்ததும் ஓடி ரெயின் பிடித்து வந்து சேரும்போது பிரசாதம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பத்து நாளும் வந்தான்.

ஜனவரியில் ஒரு புயல் மழை இரவு, எங்கள் தெருவில் கரண்ட் போனது. ஒன்பதரை மணி. பட்டி அதிரத் தொடங்கிவிட்டது, பற்றரி குறைகிறது என்று. கொடுத்த இலக்கத்துக்குப் போன் எடுத்தால் காத்திருக்கச் சொல்லி இசை போகிறது. பத்து மணிக்குப் பிறகு வளவை விட்டு வெளியில் கொண்டுபோகவும் முடியாது. கணவர் காரை ஸ்ராட் பண்ணி, காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெட்டியைப் பொருத்தி, மழைக்குள் கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அவனை முன் சீற்றில் உட்கார வைத்துச் சார்ஜ் ஏற்றினார். நான் குடையோடு நின்று எல்லாவற்றையும் எழுதினேன்: எத்தனை மணிக்கு கரண்ட் போனது, எத்தனை மணிக்கு அழைத்தேன், யார் எடுத்தார், என்ன சொன்னார். பட்டியின் படம், இருட்டுத் தெருவின் படம். எல்லாவற்றையும் அன்றிரவே வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் செய்தேன். நிபந்தனையோடு வாழ்கிற ஒருவர் வீட்டில் இருந்தால், இதற்கென்று ஒரு கொப்பி வையுங்கள். நாங்கள் எழுதியது ஒருவரும் கேட்காமலே முடிந்தது. கேட்டிருந்தால், அந்தக் கொப்பி இல்லாமல் அவன் ஒரு வருடம் உள்ளே போயிருக்கக்கூடும்.

கார் வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு பிலிப்பினோ அம்மா டோர்ச்சோடு வந்துவிட்டார். பதினைந்து வருடமாக வேலிக்கு மேலால் கறிவேப்பிலையும் கலமான்சி எலுமிச்சையும் மாற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். அவனுடைய காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். அடுத்த நாள் தம்பியே, “நான் போய்ச் சொல்லுறன் அக்கா” என்று என்னோடு வந்து, அவருடைய வாசலில் நின்று, செய்ததையும் இருந்ததையும் தன் இங்கிலீசில் சொன்னான். அவர் அவனைத் திட்டவில்லை. என்னைத்தான் கேட்டார்: என் பேரப்பிள்ளைகள் உன் வளவில் பந்து எடுக்க வருகிறவர்கள், ஏன் நவம்பரிலேயே எனக்குச் சொல்லவில்லை? சட்டப்படி நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கும் தன் கதையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் இது ஒன்றும் சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலிப் பக்கம் ஒரு கமெரா பூட்டினார், அது இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. மூன்று மாதம் கழித்துக் கலமான்சிப் பை மறுபடி வேலியில் தொங்கியது.

2024 ஏப்ரலில் பெர்த்தில் ஒரு முதிய தம்பதி தங்கள் வீட்டிலேயே தாக்கப்பட்டார்கள். மனைவிக்கு 73 வயது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் நவம்பர்த் தீர்ப்புக்குப் பிறகு வெளியில் வந்தவர். அந்த அம்மாவின் வீங்கிய முகத்தைப் பத்திரிகையில் பார்த்த எவருக்கும் நெஞ்சு பதறும். தம்பி அன்று சாப்பிடவில்லை. அப்படியானவரை எதுவும் செய்யக்கூடாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. 2023 டிசம்பரிலேயே அதற்கு ஒரு சட்டம் வந்தது: உண்மையில் ஆபத்தானவர் என்று ஆதாரத்தோடு நீதிமன்றத்துக்குப் போனால், நீதிபதி அவரை மீண்டும் உள்ளே வைக்கலாம். 2024 முடியும்வரை ஒருவரைக்கூட அதன்கீழ் உள்ளே வைக்கவில்லை. ஒவ்வொருவராக ஆராய்ந்து நீதிபதி முன் கொண்டுபோவது மெதுவான வேலை, அதில் செய்திக்குத் தலைப்புக் கிடைக்காது. எனக்கு வேண்டியது அந்த மெதுவான வேலைதான்.

2024 நவம்பர் 6இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்று பட்டியும் ஊரடங்கும் செல்லாது என்றது; அதுவும் தண்டனைதான் என்றார்கள். அரசு உடனே புதிய விதிகளோடு வந்தது, சிலருக்குத் திருப்பிப் பூட்டினார்கள். தம்பிக்குப் பூட்டவில்லை. கணுக்காலில் ரோமம் இல்லாத ஒரு வளையம் பல மாதம் இருந்தது. இப்போது விடிய மூன்று மணிக்கு பேக்கரியில் நிற்கிறான்.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. 2025 ஓகஸ்ட் கடைசியில் அமைச்சர் டோனி பேர்க் நவுறுவுக்குப் போய் ஒப்பந்தம் எழுதினார்: நவம்பர்த் தீர்ப்பால் வெளியில் வந்த இவர்களை அந்தச் சின்னத் தீவு ஏற்க, முதலில் 408 மில்லியன் டொலர், பிறகு வருடாவருடம் 70 மில்லியன் அளவில். யார் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. செய்தி வந்த இரவு அவன் என்னிடம் கேட்டது, “பேக்கரிக்கு முதலே சொல்லி வைக்கட்டோ அக்கா, ஆளைத் தேடட்டும்” என்பதுதான்.

அதற்கும் ஒரு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறோம். எல்லாத் தாள்களும் மூன்று பிரதி: ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம், ஒன்று வழக்கறிஞரிடம். வழக்கறிஞரின் இலக்கத்தை போனில் மட்டும் வைக்காமல் மனப்பாடம் செய்திருக்கிறான். போனைத்தான் முதலில் வாங்குவார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு செய்தி, ‘வந்துட்டன்’ என்று. பதினொரு மணிக்குள் வராவிட்டால் நான் யாருக்கு எடுக்க வேண்டும் என்ற வரிசை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பிலிப்பினோ அம்மாவின் இலக்கமும் அதில் உண்டு, அவரே எழுதச் சொன்னார்.

திருவெம்பாவைக்கு பேக்கரியில் பத்து நாளும் நேரம் மாற்றித் தந்திருக்கிறார்கள். பொங்கல் அண்டா தனியே தூக்க முடியாதது. நாலரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.